செம்பை வென்ற அலுமினியம்: மோட்டார் ரேடியேட்டரின் கதை

1886-ஆம் ஆண்டு பொறியியல் வரலாற்றில் விந்தையான ஆண்டு. அவ்வாண்டு சனவரி 29-ஆம் நாள் செருமனியின் மன்ஹைம் நகரைச் சேர்ந்த கார்ல் பென்ஸ், பெட்ரோலியப் பொருளில் இயங்கும் தம் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். அடுத்த மாதம் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் சார்லஸ் மார்ட்டின் ஹால் என்ற இளைஞர், உருக்கிய கிரயோலைட்டில் அலுமினாவைக் கரைத்து மின்சாரத்தைச் செலுத்தி, சில அலுமினியக் குண்டுமணிகளைப் பெற்றார். பிரான்சில் பால் ஹெரூல் என்பவரும் அதே முறையைத் தாமாகவே கண்டறிந்து அவ்வாண்டே காப்புரிமை பெற்றார். இவ்விருவரும் பிறந்தது 1863-இல். மோட்டார் வண்டியும் மலிவான அலுமினியமும் இவ்வாறு ஒரே ஆண்டில் பிறந்தன எனலாம். ஆயினும் வண்டியின் முகப்பில் உள்ள ரேடியேட்டருக்குள் அலுமினியம் பெருமளவில் நுழைய ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது. ஏன் இத்தனை தாமதம்? செம்பைவிட வெப்பத்தைக் குறைவாகக் கடத்தும் உலோகம், வெப்பத்தை வெளியேற்றும் வேலையில் செம்பை வென்றது எப்படி?

இவ்விரு வினாக்களும் ஏட்டு வினாக்கள் அல்ல. அமெரிக்காவில் 1930-களின் பழைய கார்களை எடுத்து, அவற்றில் வலிமை மிக்க எஞ்சினைப் பொருத்திச் சாலையில் ஓட்டும் ஒரு பெருங்கூட்டம் இன்றும் உண்டு. அவ்வண்டிகளை ‘ஹாட் ராட்’ என்பர். செம்பு–பித்தளை ரேடியேட்டரா, அலுமினிய ரேடியேட்டரா என்பது அவர்கள் ஓயாது விவாதிக்கும் பொருள். தவறாகத் தேர்ந்தவர் இழப்பது தண்ணீரை மட்டுமன்று. வெடித்துப்போன எஞ்சின் வார்ப்பையும் சேர்த்துத்தான். அவ்வார்ப்புகளில் பல இன்று எந்தத் தொழிற்சாலையிலும் செய்யப்படுவதில்லை.

முதலில் தொடக்கக் காலத்தைக் காண்போம். பென்ஸின் வண்டியில் ரேடியேட்டர் என்று ஒன்று இல்லை. உருளையைச் சுற்றியிருந்த நீர் கொதித்து ஆவியாகி வெளியேறியது, அவ்வளவே. வெப்பத்தை எடுத்துச் செல்வதில் இது மிகத் திறமையான முறை. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2260 கிலோஜூல் வெப்பத்தைக் கொண்டு போகிறது. குறை என்னவென்றால் போன நீர் திரும்புவதில்லை. எஞ்சின் வெளிவிடும் வெப்பம் 2.5 கிலோவாட் என்று கொண்டால், மணிக்கு 4 லிட்டர் நீர் வேண்டும். 1888 ஆகஸ்டில் பென்ஸின் மனைவி பெர்த்தா, கணவருக்குச் சொல்லாமல் தம் இரு மகன்களுடன் மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பயணத்தை மேற்கொண்டார். எரிபொருளுக்காக அவர் மருந்துக்கடையில் நின்றதை எல்லோரும் எழுதுவர். ஆனால் அவ்வழியில் எரிபொருளைவிட அடிக்கடி தேவைப்பட்டது தண்ணீர்தான்.

எஞ்சின்களின் திறன் கூடக் கூட இம்முறை நிலைக்கவில்லை. தீர்வைத் தந்தவர் டைம்லர் நிறுவனத்தின் வில்ஹெல்ம் மைபாக். எமில் யெலினெக் என்ற வணிகருக்காக 1900-இன் இறுதியில் அவர் வடிவமைத்த 35 குதிரைத்திறன் கொண்ட மெர்சிடிஸ் வண்டியில் தேன்கூடு போன்ற ரேடியேட்டர் இருந்தது. 6 மில்லிமீட்டர் சதுர வாய் கொண்ட 8070 சிறு குழாய்கள் அதில் அடுக்கப்பட்டிருந்தன. குழாய்களுக்குள் காற்று புகுந்து சென்றது. அவற்றிடையே உள்ள குறுகிய சந்துகளில் நீர் ஓடியது. 9 லிட்டர் நீரே போதுமானதாயிற்று. காற்றுப் படும் பரப்பைப் பெருக்குவதே வழி என்பதை மைபாக் அன்றே கண்டுகொண்டார். அதன்பின் வந்த எல்லா ரேடியேட்டர்களும் இந்த ஒரு கருத்தின் வளர்ச்சிதான்.

1908-இல் வந்த ஃபோர்டு ‘டி’ வண்டி, மிகச் சில தொடக்க வண்டிகளைத் தவிர, நீர்ப் பம்பு இல்லாமலே ஓடியது. சூடான நீர் இலேசாகி மேலேறும், குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்ற வெப்பச் சலனத்தை நம்பிய ஏற்பாடு அது. 20 குதிரைத்திறனுக்கு அது போதும். சிக்கல் 1932-இல் தொடங்கியது. ஹென்றி ஃபோர்டு அவ்வாண்டில் எட்டு உருளைகளை V வடிவில் ஒரே வார்ப்பில் அமைத்த எஞ்சினைச் சாமானியர் வாங்கும் விலையில் கொடுத்தார். 221 கன அங்குலம், அதாவது 3.6 லிட்டர், 65 குதிரைத்திறன். வால்வுகள் தலைப்பகுதியில் இல்லாமல் வார்ப்பின் பக்கத்திலேயே இருந்ததால் தலை தட்டையாக இருந்தது; ‘ஃபிளாட்ஹெட்’ என்ற பெயர் அதனால் வந்தது.

இவ்வெஞ்சினின் குறை அதன் வடிவமைப்பிலேயே இருந்தது. எரிந்த வாயு வெளியேற வேண்டிய வழிகள், நீர் சூழ்ந்த வார்ப்பின் ஊடாக, உருளைகளுக்கு அருகே வளைந்து சென்றன. நடுவிலுள்ள இரு உருளைகள் ஒரே வாயிலைப் பங்கிட்டுக்கொண்டன. வெளியே எறிய வேண்டிய வெப்பத்தில் ஒரு பகுதியை எஞ்சினே வழியில் தன் நீருக்குக் கொடுத்தது என்று இதைச் சொல்லலாம். போதாக்குறைக்கு, 1936 வரை இரு நீர்ப் பம்புகளும் தலையின் முன்புறத்தில், சூடான நீரை உறிஞ்சி வெளியேற்றுமாறு அமைந்திருந்தன. நீராவிக் குமிழ்கள் சேர்ந்தால் பம்பின் வேகம் தளரும். 1937-இல் பம்புகளைக் கீழே மாற்றி, குளிர்ந்த நீரை உள்ளே தள்ளுமாறு செய்தனர். அமெரிக்காவில் இவ்வெஞ்சினின் உற்பத்தி 1953-இல் முடிந்தது. அதிக வெப்பத்தால் வால்வு இருக்கைக்கும் உருளைக்கும் இடையே விரிசல் காண்பது இதன் பரம்பரை நோய்.

ஆயினும் கலிபோர்னிய இளைஞர்களுக்கு இதுவே தெய்வம் தந்த எஞ்சினாக இருந்தது. தெற்குக் கலிபோர்னியாவில் முரோக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகள் உண்டு. காய்ந்த களிமண் தரை, கண்ணுக்கெட்டிய தூரம் சமதளம். 1930-களில் இளைஞர்கள் பழைய ஃபோர்டுகளின் மட்கார்டுகளைக் கழற்றியெறிந்து, எஞ்சினைத் திருத்தி, அங்கே வேகப் போட்டி நடத்தினர். 1937-இல் தெற்குக் கலிபோர்னியக் காலச்சோதனைக் கழகம் அமைந்தது. 1948 சனவரியில் ‘ஹாட் ராட்’ என்ற பெயரிலேயே மாத இதழ் வெளிவந்தது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஏரிப் படுகையில் ஓடிய வண்டிகள் சிலவற்றில் ரேடியேட்டரே இல்லை. காற்றுத்தடையைக் குறைக்க முகப்பை மூடிவிட்டு, உள்ளே ஒரு நீர்த்தொட்டியை மட்டும் வைத்தனர். கணக்கிட்டுப் பார்த்தால் இது அறிவுள்ள செயல் என்பது விளங்கும். 80 லிட்டர் நீரை 30 பாகையிலிருந்து 90 பாகைக்குச் சூடாக்க ஏறத்தாழ 20,000 கிலோஜூல் வேண்டும். எஞ்சின் நீருக்குக் கொடுக்கும் வெப்பம் 100 கிலோவாட் என்றாலும், தொட்டி நிரம்பச் சூடேற 200 வினாடிகள் ஆகும். பந்தயம் அதற்குள் முடிந்துவிடும்! கால் மைல் பந்தயமோ சில வினாடிகளில் முடிவது. ஆனால் அதே வண்டி ஊருக்குள் வந்து, கோடை நண்பகலில், சிவப்பு விளக்கின் முன் வரிசையில் நிற்கும்போது தொட்டி கைகொடுக்காது. பந்தயத்தில் வென்றது என்பதற்காக ஒரு பொருளைச் சாலை வண்டிக்கு வாங்குவது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

1955-இல் செவர்லே நிறுவனம் 265 கன அங்குல V8 எஞ்சினை வெளியிட்டது. சிறியது, இலேசானது, 160 குதிரைத்திறனுக்கும் மேல் தருவது. பின்னர் அதே குடும்பத்தில் 350 கன அங்குலம் வரையிலும் அதற்கு மேலும் வந்தன. ஹாட் ராட் செய்வோர் இவற்றைப் பழைய ஃபோர்டில் பொருத்தலாயினர். 65 குதிரைத்திறனுக்கென வடிவமைத்த, உயரமான குறுகிய முகப்பில், நான்கு மடங்கு திறனின் வெப்பம் வெளியேற வேண்டிய நிலை ஏற்பட்டது. 1970-இல் இல்லினாய் மாநிலத்தின் பியோரியாவில் முதல் தேசியச் சாலை ஹாட் ராட் கூட்டம் நடந்தது. நெடுந்தொலைவு ஓட்டிக்கொண்டு போய்ச் சேருவதையே இக்கூட்டத்தார் பெருமையாகக் கொண்டதால், ரேடியேட்டரின் தேர்வு தலையாய கேள்வியாயிற்று.

இப்போது உலோகத்துக்கு வருவோம். வெள்ளி, செம்பு, தங்கம், அலுமினியம் என்று கடத்துதிறன் வரிசையை மாணவர்கள் ஒப்பிப்பது வழக்கம். செம்புக்கு ஏறத்தாழ 400, தூய அலுமினியத்துக்கு 237. ரேடியேட்டரில் பயன்படும் அலுமினியக் கலவைகளுக்கு 160 முதல் 190 வரை (மீட்டருக்குப் பாகைக்கு வாட் என்ற அலகில்). எனவே செம்பே சிறந்தது என்று முடிவு கட்டத் தோன்றும். வகுப்பில் இந்த முடிவைச் சொல்லாத மாணவரே இல்லை எனலாம்.

ஆனால் செம்பு ரேடியேட்டர் முழுவதும் செம்பன்று. காற்றுப் படும் மெல்லிய தகடுகள் மட்டுமே செம்பு. நீர் ஓடும் குழாய்கள் பித்தளை. அதன் கடத்துதிறன் 110 முதல் 120 வரைதான். இரண்டையும் ஒட்டுவது ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று. அதற்கு 50-க்கும் குறைவு. அலுமினியத்திலோ குழாய், தகடு, பற்று மூன்றும் ஏறத்தாழ ஒரே உலோகம்.

இதுவும் முழு விடையன்று. கடத்துதிறனே இங்கே பெரிய செய்தியன்று என்பதுதான் உண்மை. ஒரு கணக்குப் போடுவோம். திறந்த வண்டி ஒன்று நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓட 30 குதிரைத்திறன், அதாவது 22 கிலோவாட் தேவை எனக் கொள்வோம். ஏறத்தாழ அதே அளவு வெப்பம் நீருக்கும் போகிறது. குழாய்களின் மொத்தப் பரப்பு 2 சதுர மீட்டர், சுவரின் கனம் 0.4 மில்லிமீட்டர் என்றால், அந்த அலுமினியச் சுவரின் இரு பக்கங்களுக்கும் இடையே உள்ள வெப்பநிலை வேறுபாடு நூறில் மூன்று பாகைதான்! அதைவிட மெல்லிய பித்தளைச் சுவரில் இன்னும் குறைவு. ஆனால் தகடுகளிலிருந்து காற்றுக்கு வெப்பம் போவதற்கோ, தகடுகளின் பரப்பு 10 சதுர மீட்டராக இருந்தாலும், முப்பது நாற்பது பாகை வேறுபாடு வேண்டியிருக்கிறது. தடை உலோகத்தில் இல்லை. உலோகத்தை ஒட்டி நிற்கும் மெல்லிய காற்றுப் படலத்தில் இருக்கிறது. செம்பா அலுமினியமா என்று பலர் சண்டையிடுவது இந்த நூறில் மூன்று பாகைக்காக.

அப்படியானால் அலுமினியம் எங்கே வென்றது? குழாயின் அகலத்தில். அடர்த்தியில் செம்பு 8.96, பித்தளை 8.5 அளவில், அலுமினியம் 2.7. பித்தளைக் குழாயை எடைக்கு அஞ்சி மிக மெல்லியதாகச் செய்ய வேண்டும். மெல்லிய தட்டைக் குழாயை அகலமாகச் செய்தால் அழுத்தத்தில் உப்பிவிடும். எனவே அரை அங்குல அகலத்தில் நிறுத்தி, நான்கு வரிசை அடுக்கினர். அலுமினியத்தில் சுவரைக் கனமாக்கினாலும் எடை கூடாது. ஓர் அங்குல அகலக் குழாய்களை இரண்டு வரிசையில் வைத்தாலே போதும். குழாயும் தகடும் தொடும் நீளம் ஏறத்தாழ அதே அளவு. ஆனால் வரிசைகளுக்கிடையே வீணாகும் இடைவெளி குறைகிறது, அடுக்கின் கனமும் குறைகிறது, காற்று எளிதில் புகுந்து போகிறது. ஆகவே கடைக்காரர் ‘நான்கு வரிசை’ என்று பெருமையாகச் சொன்னால், குழாயின் அகலம் என்ன என்று கேட்க வேண்டும். வரிசையின் எண்ணிக்கை தனியே ஒன்றையும் சொல்லாது. பின் வரிசைகளுக்குக் கிடைப்பது முன் வரிசைகள் ஏற்கெனவே சூடாக்கிய காற்று என்பதையும் மறக்கக் கூடாது.

தாமதத்துக்குக் காரணம் என்ன என்ற முதல் கேள்வி எஞ்சியிருக்கிறது. அது ஒட்டும் சிக்கல். அலுமினியம் 660 பாகையில் உருகும். காற்றுப் பட்டவுடன் அதன் மேல் படியும் ஆக்சைடு படலமோ 2000 பாகைக்கு மேல்தான் உருகும். படலத்தை நீக்காமல் பற்று ஒட்டாது. நீக்கினால் நொடியில் மீண்டும் படிந்துவிடும். ஆயிரக்கணக்கான சந்திப்புகளை இப்படி ஒவ்வொன்றாக ஒட்டுவது நடவாத காரியம். 1960-களின் தொடக்கத்திலேயே செவர்லே கார்வெட் என்ற விலையுயர்ந்த பந்தயச் சாயல் காரில் அலுமினிய ரேடியேட்டர் வந்துவிட்டது. ஆனால் எல்லாக் கார்களுக்கும் அது எட்டவில்லை. வெற்றிடத்தில் உலையேற்றி ஒட்டுவது ஒரு வழியாக இருந்தது. பின்னர் 1970-களில் கனடாவின் ஆல்கன் நிறுவனத்தார் பொட்டாசியம், அலுமினியம், ஃபுளூரின் சேர்ந்த உப்பு ஒன்றை இளக்கியாகப் பயன்படுத்தும் முறையை உருவாக்கினர். இவ்வுப்பு 565 பாகை அளவில் உருகி ஆக்சைடைக் கரைக்கிறது. குழாயின் மேல் பூசப்பட்ட அலுமினியம்–சிலிக்கன் கலவை 577 பாகையில் உருகிச் சந்துகளை நிரப்புகிறது. அடியிலுள்ள உலோகம் உருகாமல் நிற்கிறது. எஞ்சும் உப்பு அரிப்பை உண்டாக்காததால் கழுவ வேண்டியதும் இல்லை. பத்துப் பன்னிரண்டு பாகை இடைவெளியில் நடக்கும் இந்த வித்தையே அலுமினியத்துக்குக் கதவைத் திறந்தது. 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் வண்டியின் எடையைக் குறைக்க எல்லோரும் முனைந்ததும், செம்பின் விலையும் துணை நின்றன.

ஹாட் ராட் உலகில் நெடுங்காலமாக வழங்கும் ஒரு நம்பிக்கையை இங்கே ஆராய்வது பயனுள்ளது. ‘நீர் வேகமாக ஓடினால் ரேடியேட்டரில் குளிர நேரம் கிடைக்காது, ஆகவே வேகத்தைக் குறைக்க வேண்டும்’ என்பர். பழைய ஃபிளாட்ஹெட் வைத்திருந்தோர் நீர்க்குழாய்க்குள் துளையிட்ட வாஷரை வைத்து ஓட்டத்தைத் தடுத்ததும், சில வேளை அதனால் கொதிப்பது நின்றதும் உண்மை. ஆனால் விளக்கம் தவறு. நீர் வேகமாக ஓடினால் ஒரு சுற்றில் ஒவ்வொரு லிட்டரும் குறைவாகக் குளிர்வது மெய். ஆனால் அதே நேரத்தில் அதிகச் சுற்றுகள் வருகின்றன. ரேடியேட்டரின் சராசரி வெப்பநிலை உயர்கிறது. காற்றுக்குப் போகும் வெப்பம் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. பின் வாஷர் ஏன் பலித்தது? அந்நாளைய ரேடியேட்டரில் அழுத்த மூடி இல்லை. இரு பம்புகளும் வேகமாகச் சுழலும்போது, குழாய்கள் கீழே இறக்குவதைவிட அதிக நீரை மேல்தொட்டியில் கொட்டின. மிகுதி வழிந்தோடும் குழாய் வழியே சாலையில் போயிற்று. வாஷர் தடுத்தது இந்த இழப்பைத்தான். மக்கள் கண்டது சரி. சொன்ன காரணம்தான் பிழை. இன்று அழுத்த மூடி உள்ள வண்டியில் அந்த வாஷரை வைப்பது எஞ்சினுக்குத் தீங்கு.

அழுத்த மூடியின் பயனையும் சொல்ல வேண்டும். சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு தாங்கும் மூடி, ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்தைக் கூட்டுகிறது. நீர் 121 பாகையில்தான் கொதிக்கும். 7 பவுண்டு மூடிக்கு 111 பாகை. பற்றாசு வைத்த பழைய பித்தளைத் தொட்டி உயர் அழுத்தத்தைத் தாங்காது; அலுமினியம் தாங்கும். குளிர்காலத்துக்கான கிளைக்கால் கலந்தால் கொதிநிலை இன்னும் உயரும், ஆனால் வெப்ப ஏற்பு 4.18-இலிருந்து 3.5 அளவுக்குக் குறைந்துவிடும். வேண்டிய அளவுக்கு மேல் கிளைக்கால் ஊற்றுவது குளிர்ச்சிக்கு உதவாது.

தேர்வு செய்பவர் அடுத்துப் பார்க்க வேண்டியது காற்று. மேலே கண்ட 22 கிலோவாட்டை, காற்று 30 பாகை சூடேறி எடுத்துச் செல்ல வேண்டுமானால் வினாடிக்கு 0.65 கன மீட்டர் காற்று வேண்டும். முகப்பு 0.2 சதுர மீட்டர் எனில், அடுக்கினூடே வினாடிக்கு மூன்று மீட்டருக்குச் சற்று மேற்பட்ட வேகம். ஓடும் வண்டியில் இது எளிது. நிற்கும் வண்டியில் வெப்பம் நாலில் ஒரு பங்காகக் குறைந்தாலும், காற்று முழுவதையும் விசிறியே இழுக்க வேண்டும். விசிறியைச் சுற்றி அடைப்புக் கூடு இல்லாவிட்டால், அது இறக்கைக்கு எதிரே உள்ள வட்டத்தில் மட்டும் காற்றை இழுக்கும். மூலைகள் சும்மா நிற்கும். நெடுஞ்சாலையில் குளிர்ந்தும் நெரிசலில் கொதித்தும் போகும் வண்டிக்குப் புது ரேடியேட்டர் வாங்குவது வீண். கூடும் நல்ல விசிறியும் போதும். மாறாக, நெரிசலில் அமைதியாக இருந்து நெடுஞ்சாலையில் சூடேறினால், ரேடியேட்டர் சிறியது அல்லது அடைபட்டது என்று கொள்ளலாம்.

நீர் பக்கவாட்டில் ஓடும் அமைப்பில், மூடியைப் பம்பு உறிஞ்சும் பக்கம் வைக்க முடிவது நல்லதே. ஆனால் 1932 ஃபோர்டின் உயர்ந்த குறுகிய முகப்புக்கு, நீர் மேலிருந்து கீழிறங்கும் அமைப்பே பொருந்தும். சந்திப்புகள் முழுவதும் உலையில் ஒட்டப்பட்டவையா, அல்லது ரெசின் பசையால் அடைக்கப்பட்டவையா என்று கேட்டறிவதும் அவசியம். பொருத்தும்போது ரப்பர் மெத்தை வேண்டும். பழைய சட்டம் முறுக்கிக்கொள்ளும்போது, இறுக்கமாகப் பிடித்த அலுமினியம் விரிசல் காணும்.

அலுமினியத்தின் உண்மையான பகை வெப்பமன்று, அரிப்பு. இரும்பு வார்ப்பு, பித்தளைப் பொருத்திகள், அலுமினியம் எல்லாம் ஒரே நீரில் நின்றால் அது மின்கலமாகிவிடும். அதில் கரைவது அலுமினியமே. குளோரைடு நிறைந்த குழாய்நீர் அதை விரைவுபடுத்தும். வாலை வடித்த நீரும் அரிப்புத் தடுப்பானும் கட்டாயம். மின்விசிறியின் பூமித் தொடர்பு சரியில்லாமல் மின்னோட்டம் நீர் வழியே போனால், புத்தம் புது ரேடியேட்டரும் சில மாதங்களில் துளைபடலாம். பழைய வார்ப்பினுள் எஞ்சிய மணலும் துருவும் புதுக் குழாய்களை அடைக்காதபடி முன்னதாகவே கழுவியும் ஆக வேண்டும்.

இத்தனையும் பார்த்தபின் என் கருத்து இதுதான்: 1932 வண்டியில் அதன் பழைய ஃபிளாட்ஹெட்டையே வைத்திருப்பவருக்கு, நல்ல நிலையிலுள்ள செம்பு–பித்தளை ரேடியேட்டரே போதும். பற்றுக்கோல் பிடிக்கத் தெரிந்த எந்தப் பட்டறையும் அதைச் சீர்செய்யும். அலுமினியத்துக்கு அந்த வசதி இல்லை. பெரிய எஞ்சின் வைத்தவர் தயங்காமல் அலுமினியத்தைத் தேரலாம்.

பழமைத் தோற்றம் கெடுகிறதே என்று கவலைப்படுவோர், அலுமினியத்துக்கு மெல்லியதாகக் கறுப்பு வண்ணம் அடித்துவிடுகின்றனர். வண்ணம் அடித்தால் வெப்பம் தடைப்படும் என்று சிலரும், கறுப்பு நன்றாகக் கதிர்வீசும் ஆதலால் நன்மை என்று சிலரும் வாதிடுவர். 90 பாகையிலுள்ள கறுப்புப் பரப்பு, 40 பாகைச் சூழலுக்குக் கதிர்வீச்சால் அனுப்புவது சதுர மீட்டருக்கு 440 வாட். முன்னும் பின்னுமாக அரை சதுர மீட்டருக்கு 220 வாட். அதாவது 22,000-இல் நூற்றில் ஒரு பங்கு. எஞ்சிய தொண்ணூற்றொன்பதையும் எடுத்துச் செல்வது காற்று. ‘கதிர்வீசி’ என்று பொருள்படும் பெயரை இந்தக் கருவிக்கு வைத்தவர் யாரோ, அவர் இந்தக் கணக்கைப் போடவில்லை.